பழைய பில்லியர்ட்ஸ் கம்பு: கோவை, நீலகிரிப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோவையில் இருபது வருடமாகப் பழைய பில்லியர்ட்ஸ், ஸ்னூக்கர் கம்புகளைச் சேர்த்து வருகிறேன். நாற்பதுக்குக் கொஞ்சம் மேலே இருக்கும். வீட்டில் இவற்றுக்குப் பெயர் 'விறகு'. தெரிந்தவர்களும், தெரிந்தவர்களுக்குத் தெரிந்தவர்களும் வாட்ஸ்அப்பில் படம் அனுப்பி "இது பழசுங்களா? என்னங்க பெறும்?" என்று கேட்கிறார்கள். திரும்பத் திரும்ப வருகிற கேள்விகளுக்கு இங்கே பதில். கியூ என்றும் கம்பு என்றும் மாற்றி மாற்றிச் சொல்வேன், இரண்டும் ஒன்றுதான், மேஜைமேல் பந்தை அடிக்கிற கோல்.

எங்கள் வீட்டு அட்டாலியில் ஒரு கியூ கிடக்கிறது. பழையதா, புதியதா என்று எதை வைத்துச் சொல்வது?

படம் அனுப்புகிறவர்கள் எல்லோரும் தடித்த அடிப்பக்கத்தில் பெயர் பொறித்துப் பதித்திருக்கும் பேட்ஜைத்தான் எடுத்து அனுப்புகிறார்கள். நான் கேட்பது நடுவில் ஒட்டு இருக்கும் இடத்தை. வெளிர் மரமும் கரு மரமும் சேர்கிற அந்த ஒரு சாண் தூரத்தில்தான் விஷயம் இருக்கிறது.

இங்கிலாந்துக் கம்பில் மேல்பகுதி பெரும்பாலும் ஆஷ் மரம். இழை தடித்து, அம்புக்குறிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினதுபோல் தெரியும். மேப்பிளில் இழை கண்ணுக்கே தெரியாது, வழவழவென்றிருக்கும். கைப்பிடிப் பகுதி கருங்காலி, ஈட்டி, மஹாகனி இவற்றில் ஒன்று. இரண்டையும் சேர்க்க இரண்டு வழி. கையால் ஒட்டுகிறவர் ஆஷ் கம்பின் நான்கு பக்கத்தையும் சாய்வாகச் சீவி, அதன்மேல் கரு மரத் துண்டுகளை ஒட்டி, காய்ந்தபிறகு உருட்டையாக இழைப்பார். அப்படி இழைக்கும்போது கரு மரத்தின் நுனி வளைந்து, வெற்றிலை நுனி மழுங்கினதுபோல் வரும். நான்கும் ஒரே உயரத்தில் இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. மெஷின் ஒட்டில் கரு மரம் ஊசிபோலக் கூராக முடியும், நான்கும் அச்சடித்தாற்போல் ஒரே உயரம்.

மழுங்கின நுனியைப் பார்த்ததும் பழசு என்று முடிவுகட்டிவிடாதீர்கள். கை ஒட்டு இன்றைக்கும் போடுகிறார்கள். அது தரத்தைச் சொல்லும், வயதைச் சொல்லாது. வயதுக்கு வேறு இடம் பார்க்க வேண்டும். அடிக்கட்டையைத் திருப்புங்கள். நீட்டிப்பு மாட்டுவதற்கான திருகு ஓட்டை இருந்தால் அநேகமாகப் புதியது. முக்கால் பாகத்தில் பித்தளை ஜாயிண்ட் போட்டுக் கழற்றி மாட்டும் கம்பு 1980களுக்கு அப்புறம்தான் பரவலானது. பழைய கம்பு பெரும்பாலும் ஒரே துண்டு. பிடிக்கும் இடம் மட்டும் கறுத்து, மேலே தேன் நிறத்தில் ஆஷ் பழுத்திருக்கும். அந்தப் பழுப்பைச் சாயம் போட்டுக் கொண்டுவர முடியாது. கொண்டுவந்தாலும் இழைக்குள் சாயம் திட்டுத் திட்டாக இறங்கிக் காட்டிக்கொடுத்துவிடும்.

பேட்ஜில் ஏதோ பெயரும் நம்பரும் இருக்கிறது. அதை வைத்து வருடம் சொல்லலாமா?

பாதி சொல்லலாம். அந்தக் காலத்தில் சாம்பியன் பெயரையும் அவர் எடுத்த பிரேக்கையும் (இடைவிடாமல் ஆடி ஒரே மூச்சில் சேர்த்த புள்ளிகள்) பேட்ஜில் போட்டு விற்றார்கள். வால்டர் லிண்ட்ரம் பெயரோடு 4137 என்று இருந்தால், அது அவர் 1932இல் லண்டனில் எடுத்த பில்லியர்ட்ஸ் பிரேக். கம்பு அதற்கு முன்னால் செய்ததாக இருக்க வாய்ப்பில்லை. ஜோ டேவிஸ் பெயரும் அவருடைய ஸ்னூக்கர் பிரேக்கான 147ம் இருந்தால் 1955க்குப் பிறகு. ஆனால் இதெல்லாம் கீழ்வரம்புதான். நன்றாக ஓடும் பேட்ஜைக் கம்பெனிக்காரர்கள் லேசில் விட மாட்டார்கள், வருடக்கணக்கில் அதையே போடுவார்கள். 4137 பேட்ஜைப் பார்த்து '1932 மாடல்' என்று ஒருவர் சொன்னால், அவருக்கு விற்கத் தெரியும், கம்பு தெரியாது.

கம்பெனி முகவரியும் சில சமயம் உதவும். தர்ஸ்டன் கம்பெனி 1799இல் தொடங்கியது. 1901இல் லண்டன் லெஸ்டர் ஸ்கொயருக்கு வந்தது, 1940 குண்டுவீச்சில் அந்தக் கட்டடம் அடிவாங்கியது. ஆகவே லெஸ்டர் ஸ்கொயர் முகவரியோடு தர்ஸ்டன் பெயர் இருந்தால் அந்த நாற்பது வருடத்துக்குள் வைக்கலாம். 1836இல் தொடங்கின பரோஸ் அண்ட் வாட்ஸ் விஷயத்தில் இந்த வித்தை பலிக்காது. அவர்கள் சோஹோ ஸ்கொயரிலேயே தலைமுறை தலைமுறையாக உட்கார்ந்திருந்தார்கள். இந்தப் பக்கம் கண்ணில் படும் இன்னொரு பெயர் அக்ரிங்டன் ஊர் ரைலி.

ஒரு எச்சரிக்கை. பேட்ஜைப் பெயர்த்து இன்னொரு கம்பில் வைப்பது பத்து நிமிட வேலை. பேட்ஜின் ஓரத்தில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். முதலிலிருந்தே இருப்பது மரத்தோடு மரமாக வழுக்கும். பிறகு வைத்தது நகத்தில் தட்டும், ஓரத்தில் பசை பளபளக்கும்.

விற்பவர் "இது ஊட்டி கிளப் கம்பு, ஸ்னூக்கர் பிறந்த இடத்திலிருந்து வந்தது" என்கிறார். விலை மூன்று மடங்கு. நம்பலாமா?

வேண்டாம்.

கதை என்னவோ உண்மைதான். 1875இல் ஜபல்பூர் ராணுவ மெஸ்ஸில், மழைக்கு வெளியே போக முடியாத நாட்களில், நெவில் சேம்பர்லேன் என்ற இளம் அதிகாரி பிளாக் பூல் என்ற பில்லியர்ட்ஸ் மேஜை ஆட்டத்தில் கூடுதல் வண்ணப் பந்துகளைச் சேர்த்து ஆடிப் பார்த்தார். (பின்னாளில் இங்கிலாந்துப் பிரதமரானவர் வேறு சேம்பர்லேன்.) அப்புறம் அவர் ஊட்டிக்கு வந்தார். 1882இல் ஸ்னூக்கர் விதிகள் ஊட்டி கிளப்பின் பில்லியர்ட்ஸ் அறையில் எழுதி மாட்டப்பட்டன. அதற்குப் பதினாலு வருடம் முன்புவரை, அதாவது 1868 வரை, நீலகிரி நம் கோயம்புத்தூர் மாவட்டத்தோடுதான் இருந்தது. அதனால் 'ஸ்னூக்கர் நம்ம ஊர் ஆட்டம்' என்று கொஞ்சம் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம், தப்பில்லை.

ஆனால் ஆட்டம் அங்கே விதி பெற்றது என்பதற்கும், உங்கள் கையில் இருக்கும் கம்பு அங்கிருந்து வந்தது என்பதற்கும் நடுவில் பெரிய பள்ளம் இருக்கிறது. கிளப்பில் ஸ்டாண்டில் நிற்கும் பொதுக் கம்பு தேய்கிற பொருள். டிப் என்கிற நுனித் தோல் போகும், நுனி உடையும், குட்டையாகும், ஒரு நாள் அடுப்புக்குப் போகும். 1882இல் ஆடின பொதுக் கம்பு நூற்று நாற்பது வருடம் தப்பி, குன்னூர் வழியாக இறங்கி, மேட்டுப்பாளையம் ரோட்டில் உங்களுக்காகக் காத்திருக்கிறது என்றால், அதற்குக் காகிதம் வேண்டும். பழைய ரசீது, கடிதம், அந்தக் கம்போடு ஒருவர் நிற்கும் போட்டோ, ஏதாவது ஒன்று.

இதுவரை ஏழு பேர் என்னிடம் 'ஊட்டி கிளப் கம்பு' காட்டியிருக்கிறார்கள். அதில் ஒருவர் சேம்பர்லேனே கையில் பிடித்தது என்று சொன்னார். வாங்கிப் பார்த்தால் அடியில் ஜோ டேவிஸ், 147. சேம்பர்லேன் போய்ச் சேர்ந்து பத்து வருடத்துக்கும் மேல் ஆனபின் எடுத்த பிரேக் அது. நான் ஒன்றும் சொல்லவில்லை. காப்பி நன்றாக இருந்தது, குடித்துவிட்டு வந்தேன்.

நம் பக்கம் நிஜமாகக் கிடைப்பவற்றில் நான் பார்த்தது பெரும்பாலும் 1930களிலிருந்து 1960கள் வரைக்கும் உள்ளவை. பைக்காரா மின்சாரம் வந்து கோவையில் வரிசையாக மில்கள் எழுந்த காலம். அதோடு பங்களாக்கள், பங்களாவில் ஒரு பில்லியர்ட்ஸ் அறை. வால்பாறை, ஏற்காடு எஸ்டேட் பங்களாக்களிலிருந்தும் வருகின்றன. அவை நல்ல கம்புகள். விக்டோரியா மகாராணியை இழுத்துவிடாமலே நல்ல கம்புகள்.

கம்பு நேராக இருக்கிறதா என்று டேபிள் இல்லாமல் எப்படிப் பார்ப்பது?

சமையலறை கிரானைட் மேடை போதும். கம்பு ஏறக்குறைய 57, 58 அங்குலம். ஐந்தடி மேடை எந்த வீட்டிலும் இருக்கும். மெதுவாக உருட்டி, கம்புக்கும் கல்லுக்கும் நடுவில் வெளிச்சம் எட்டிப் பார்க்கிறதா என்று குனிந்து பாருங்கள். ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் வெளிச்சம் வந்து வந்து போனால் வளைவு. அப்புறம் துப்பாக்கி குறி பார்ப்பதுபோல் அடியிலிருந்து நுனிவரைக்கும் ஒற்றைக் கண்ணால் பார்த்துக்கொண்டே திருப்புங்கள்.

எங்கே வளைந்திருக்கிறது என்பது முக்கியம். நுனியிலிருந்து ஒரு முழத்துக்குள் லேசான வளைவு என்றால் சகித்துக்கொள்ளலாம். ஒட்டு இருக்கும் இடத்தில் முறிந்து திரும்பினதுபோல் இருந்தால் உள்ளே ஒட்டு விட்டிருக்கிறது. அந்த இடத்தில் விரல் மூட்டால் தட்டிக் காதில் கேளுங்கள். திடமான சத்தம் வர வேண்டும். பிளந்த மூங்கிலைத் தட்டினதுபோல் கேட்டால் கீழே வைத்துவிடுங்கள்.

அடியில் 17 என்று குத்தியிருக்கிறது. பதினேழாம் நம்பர் கம்பா?

எடை. பதினேழு அவுன்ஸ், அதாவது 482 கிராம் வாக்கில். 16½ என்றும் இருக்கும், அது 468 கிராம். சில கிளப் கம்பில் ஸ்டாண்ட் நம்பரும் குத்தியிருப்பார்கள், அது வழக்கமாகத் தனியாக, வேறு எழுத்தில் இருக்கும்.

இந்த எண் ஒரு நல்ல சாட்சி. சமையலறைத் தராசில் நிறுத்திப் பாருங்கள். 17 என்று போட்ட கம்பு 440 கிராம் காட்டினால், யாரோ நுனியை வெட்டியிருக்கிறார்கள், அல்லது உப்புத்தாள் போட்டுத் தேய்த்திருக்கிறார்கள், அல்லது அடியில் வைத்திருந்த ஈயத்தை எடுத்துவிட்டார்கள். பத்துப் பன்னிரண்டு கிராம் வித்தியாசத்தைப் பெரிதாக எடுக்க வேண்டாம், மரம் காயும்.

பேட்ஜ் தந்தமா?

இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 1972ஆம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 1986இலும் 1991இலும் வந்த திருத்தங்களுக்குப் பிறகு, இந்திய யானைத் தந்தமானாலும் ஆப்பிரிக்கத் தந்தமானாலும் வியாபாரம் கிடையாது. தாத்தா காலத்துப் பொருள் என்றாலும் வாங்கக் கூடாது, விற்கவும் கூடாது. பழைய தந்தப் பந்துகளுக்கும் இதே கதைதான். யாராவது 'தந்த பால் செட்' என்று காதில் ஓதினால் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.

நல்லவேளையாக இங்கிலாந்துக் கம்புகளின் வெள்ளைப் பேட்ஜ் பெரும்பாலும் செல்லுலாய்டுதான். கட்டைவிரலால் அரை நிமிடம் சூடு பறக்கத் தேய்த்து உடனே மோந்து பாருங்கள். செல்லுலாய்டு என்றால் சூடம் மணக்கும், ஏனென்றால் அதைச் செய்வதே கற்பூரம் சேர்த்துத்தான். முதல் தடவை எனக்கு இது நடந்தபோது கோனியம்மன் சன்னதியில் நிற்பதுபோல் இருந்தது. எலும்பு என்றால் பூதக்கண்ணாடியில் மிகச் சிறிய கரும்புள்ளிகளும் கீறல்களும் தெரியும். தந்தத்தில் அந்தப் புள்ளி இருக்காது, குறுக்குவெட்டில் வலை பின்னினதுபோல் மெல்லிய கோடுகள் ஓடும்.

ஊசியைக் காய்ச்சிக் குத்திப் பார்க்கச் சொல்வார்கள். செய்யாதீர்கள். செல்லுலாய்டு குப்பென்று பற்றிக்கொள்ளும்.

அழுக்காக இருக்கிறது. ஆசாரியிடம் கொடுத்து மெருகு போட்டு வைக்கலாமா?

என் வாழ்நாளில் செய்த மிகப்பெரிய முட்டாள்தனம் இதுதான், அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

சேர்க்க ஆரம்பித்த இரண்டாவது வருடம். பொள்ளாச்சிப் பக்கம் ஒரு தொட்டிக்கட்டு வீட்டில் ஒரு பரோஸ் அண்ட் வாட்ஸ் கிடைத்தது. கை ஒட்டு, கருங்காலி, கரு மரத்துக்கும் ஆஷுக்கும் நடுவில் பச்சையும் சிவப்புமாக நூல்போல் மெல்லிய மரத்தகடு. மேலே ஐம்பது வருட அழுக்கு. நல்ல வேலைக்காரர் ஒருவரிடம் கொடுத்து "கொஞ்சம் சுத்தம் பண்ணிக் குடுங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன். நான்கு நாள் கழித்துப் போனேன். அவர் முகமெல்லாம் சிரிப்பு. "புதுசாட்டம் பண்ணிட்டனுங்க" என்றார். பண்ணித்தான் இருந்தார். உப்புத்தாளில் தேய்த்து, மேலே வார்னிஷ் இரண்டு கோட்டு. பேட்ஜில் எழுத்து பாதி இல்லை. பச்சை நூல் ஒரு பக்கம் காணோம். கம்பின் சுற்றளவே குறைந்து, பித்தளை வளையம் மரத்தைவிடத் துருத்திக்கொண்டு நின்றது. அவர் மேல் குற்றமில்லை. சுத்தம் என்ற வார்த்தைக்கு அவருக்குத் தெரிந்த அர்த்தம் அதுதான், எனக்குத் தெரிந்ததை நான் சொல்லவில்லை.

அழுக்கு எடுக்க: பிழிந்த ஈரத்துணியால் ஒரு துடை, உடனே காய்ந்த துணியால் ஒரு துடை. கைப்பிசுக்கு போகவில்லை என்றால் வெள்ளைத்துணியில் துளி டர்பன்டைன். கடைசியில் ஆளிவிதை எண்ணெய் இரண்டு சொட்டை உள்ளங்கையில் விட்டு, கம்பைச் சூடேறும்வரை உருவிவிட்டு, மிச்சத்தை ஒட்டத் துடைத்துவிட வேண்டும். எண்ணெய்த் துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள், தானாகவே சூடாகித் தீப்பிடிக்கும். விரித்துக் காயப்போடுங்கள். தேங்காயெண்ணெய் வேண்டவே வேண்டாம். காயாது, பிசுபிசுக்கும், தூசியை இழுத்து வைத்துக்கொள்ளும்.

டிப், ஃபெரூல் மாற்றினால் மதிப்புக் குறையுமா?

டிப் தோல்தானே. சைக்கிள் டயர் மாதிரி, எத்தனை தடவை மாற்றினாலும் ஒன்றுமில்லை. ஃபெரூல் என்கிற நுனிப் பித்தளை வளையம் முதலில் வந்ததாகவே இருந்தால் நல்லது. உடைந்திருந்தால்தான் கை வைக்க வேண்டும். கணபதி, பீளமேட்டுப் பக்கத்தில் எந்த லேத் பட்டறையிலும் புதிதாகக் கடைந்து கொடுத்துவிடுவார்கள், அந்த வசதிதான் ஆபத்து. பழைய வளையத்தை ஒரு உறையில் போட்டு, கம்போடு சேர்த்து வையுங்கள்.

கம்பிலிருந்து மாவு மாதிரி கொட்டுகிறது.

உளு. ஆஷ் மரம் உளுவுக்கு விருந்து, கருங்காலிப் பக்கம் அது அவ்வளவாகப் போகாது. ஊசி முனை அளவு ஓட்டை, அதைச் சுற்றி மாவு புதிதாக வெளுப்பாக இருந்தால் உள்ளே இன்னும் ஆள் இருக்கிறது. முதலில் மற்ற கம்புகளிலிருந்து பிரித்து வையுங்கள். அப்புறம் பூச்சி மருந்துக்கு வழி பாருங்கள். ஓட்டை நுனிப்பக்கம் இருந்தால் நான் வாங்க மாட்டேன், அடிக்கும்போது அங்கேதான் முறியும்.

மலையிலிருந்து கொண்டுவந்த கம்பு இங்கே வந்ததும் வளைகிறதே?

வால்பாறை ஈரத்தில் முப்பது வருடம் ஊறினதை ஈரோட்டு வெயிலில் ஒரே நாளில் இறக்கினால் வேறென்ன செய்யும்? பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கிற மாதங்களில் கோவையிலேயே மரம் சட்டென்று ஈரம் விடும். துணியில் சுற்றி, காற்றோட்டமான அறையில், வெயில் படாமல் ஒன்றிரண்டு மாதம் விட்டுவிடுங்கள். நேராக நிறுத்தி வைக்கலாம், சமதளத்தில் படுக்க வைக்கலாம். சுவரில் சாய்க்க மட்டும் கூடாது, சாய்த்த பக்கம் தொங்கிப்போகும். கார் டிக்கியில் போட்டு மறந்துவிடாதீர்கள். பழைய கம்பில் ஒட்டுக்குப் போட்டது வச்சிரப்பசை, சூட்டிலும் ஈரத்திலும் இளகும்.

எங்கே கிடைக்கும்?

தேடிப்போனால் அநேகமாகக் கிடைக்காது. உக்கடம் பக்கத்துக் காயலான் கடைகளில் எப்போதாவது வரும், கட்டில் கால்களோடு சேர்த்துக் கட்டியிருப்பார்கள். பங்களா இடிக்கிற கான்டிராக்டர்கள், எஸ்டேட்டுப் பழைய சாமான் எடுப்பவர்கள் இவர்களிடம் சொல்லி வைப்பது பலிக்கும். கியூ என்று சொன்னால் பலருக்குப் புரியாது. நுனி சன்னமாக, அடி தடியாக, பாலிஷ் போட்ட கம்பு என்று சொல்ல வேண்டும்.

என்னிடம் இருப்பதில் எனக்குப் பிடித்தது குன்னூரில் ஒரு வீட்டில் ஒட்டடை அடித்துக்கொண்டிருந்தது. நுனியில் விளக்குமாற்றைக் கட்டியிருந்தார்கள். ஈட்டிக் கைப்பிடி, கை ஒட்டு, கம்பி மாதிரி நேர். கயிறு கட்ட வாகாக நுனியில் நாலங்குலம் வெட்டிவிட்டார்கள். அந்த வீட்டு அம்மா, "ஏனுங்க, ஒட்டடைக் குச்சிக்குப் போயி முந்நூறு ரூவாய் குடுக்கறீங்களே" என்று வருத்தப்பட்டு, ஒரு பை கேரட்டும் கொடுத்து அனுப்பினார்.

சரி, என்ன விலை கொடுக்கலாம்?

விலைப்பட்டியல் கிடையாது. நான் போடும் கணக்கு இது. நேராக இருக்கிறதா, நீளம் குறையாமல் இருக்கிறதா, மேல்பூச்சு பழையதா, இந்த மூன்றும் முதலில். கை ஒட்டு அடுத்தது. பேட்ஜ் அதற்கும் பின்னால். கதைக்கு ஒரு ரூபாயும் கிடையாது. நடுவில் அறுத்து ஜாயிண்ட் போட்ட கம்புக்கு, ஆடுகிறவர் காசு கொடுப்பார், சேர்க்கிறவர் கொடுக்க மாட்டார்.

வாங்கினதை வைத்து ஆடலாமா?

ஆடுங்கள். நான் வாரத்துக்கு ஒரு நாள் ஆடுகிறேன். ஓங்கி அடித்து ஆட்டத்தைத் தொடங்குவதற்கு மட்டும் கிளப் கம்பு.

அமெரிக்கக் கம்பு?

பிரன்ஸ்விக் மாதிரியான பெயர்களுக்கு அங்கே பெரிய கூட்டம் இருக்கிறது. இந்தப் பக்கம் இதுவரை ஒன்றுதான் என் கைக்கு வந்தது. அதிகம் பேச எனக்குத் தகுதியில்லை.

வெளிநாட்டில் நல்ல விலை போகிறதாமே, அனுப்பலாமா?

நூறு வருடம் தாண்டின கைவினைப் பொருள் 1972ஆம் வருடத் தொல்பொருள் சட்டத்தில் தொல்பொருளாகக் கணக்காகும். தனியார் அதை ஏற்றுமதி செய்ய முடியாது. ஈட்டி மரத்துக்கு வேறு சர்வதேசக் கட்டுப்பாடு இருக்கிறது. ஆக, நிஜமாகவே பழசு என்றால் அனுப்ப முடியாது, அனுப்ப முடிகிற அளவுக்குப் புதுசு என்றால் அவ்வளவு விலை போகாது.

கம்பு இல்லை, நீளமான தகரப் பெட்டி மட்டும் இருக்கிறது. வாங்கலாமா?

வாங்குங்கள். கறுப்புப் பெயிண்ட் அடித்த உருளை, மூடியில் சின்னப் பூட்டு. சொந்தக் கம்பு வைத்திருந்தவர்கள் அதில் போட்டுப் பூட்டித்தான் கிளப்பில் வைப்பார்கள், மூடியில் பெயரெழுத்தும் எழுதியிருப்பார்கள். விற்பவர் கம்பையும் பெட்டியையும் ஜோடி என்று சொன்னால், உள்ளே போட்டு மூடிக் குலுக்கிப் பாருங்கள். ஜோடி என்றால் லொடலொடக்காது.

என்னிடம் ஒரு பெட்டி தனியாக நிற்கிறது. மூடியில் மஞ்சள் பெயிண்டில் இரண்டு எழுத்து, அதில் ஒன்று உரிந்துவிட்டது. அடியில், டிப்பில் தேய்க்கிற பச்சைச் சாக்பீஸ் தூள் இன்னும் ஒட்டியிருக்கிறது. புதிதாக எந்தக் கம்பு வந்தாலும் முதலில் அதில் போட்டுக் குலுக்கிப் பார்த்துவிடுவேன். பதினோரு வருடமாக லொடலொடத்துக்கொண்டிருக்கிறது.